ஐந்தாவது கேசட்டின் மேல் விளிம்பு

கடியுங்கள். விட்டுவிடக் கூடாது. பஞ்சு நனைந்தாலும் பரவாயில்லை, அரை மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. துப்பக் கூடாது, பேசக் கூடாது. தலையை ஆட்டலாம். எங்கே, ஆட்டுங்கள். போதும், மெதுவாக.

மணி ஐந்து ஐந்து. ஐந்து முப்பத்தைந்துக்குப் பஞ்சை எடுத்துவிடலாம். எனக்கும் இன்று ஒரு கெடு இருக்கிறது, ஆறு மணிக்கு. அதனால்தான் சும்மா சும்மா போனைப் பார்க்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வாட்ஸப் இல்லை. இதோ, இந்தப் பக்கம். மேலே என்ன எழுதியிருக்கிறது? கண்ணாடி உள்ளே இருக்கிறதா, சரி நானே படிக்கிறேன். 'மூன்று சைக்கிள் இசைக்குழுவின் இசைப் பட்டியல்.' இது இணையக் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இந்தப் பக்கத்தை எழுதியது நான். பதினொரு வருடமாக எழுதுகிறேன். இன்று ஆறு மணிக்குள் ஒரே ஒரு படத்தை ஏற்றிவிட்டால் இதோ இந்த வலது மூலையில் ஒரு பொன் நட்சத்திரம் வரும். ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் போடுவார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

ஆமாம், சற்று முன் டாக்டரம்மா உங்கள் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டியபோது உங்கள் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான்தான். அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் இதில்தான் கண்டிப்பு அதிகம்.

"தனிஸ்லாஸ்! பேஷண்ட்டப் பேச வைக்காதீங்க!"

கேட்டதா? உள்ளே ஒரு வாய்க்கு அச்சு எடுத்துக்கொண்டே இங்கே ஒரு காது.

"அவர் பேசல டாக்டர், நான்தான் பேசுறேன்!"

"அதான் தெரியுமே!"

பார்த்தீர்களா. என் பேச்சு கொஞ்சம் எழுத்து மாதிரி இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எல்லாம் இதனால் வந்தது. வீட்டில் என் மனைவி, "சோறு போடவான்னு கேட்டா ஆம்ங்கிறீங்க, மனுசன் மாதிரி ஆமான்னு சொன்னா என்ன" என்று திட்டுவாள்.

மூன்று சைக்கிள் தெரியுமா உங்களுக்கு? தெரியாதென்றால் தெரியாது என்று ஆட்டுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். திண்டுக்கல்லில் தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்று ஏழு வரை இருந்த பாப் குழு. நாலு பேர். பாடுவது ஹெப்சிபா. கிட்டார் அருள்தாஸ். கீபோர்டு காஜா மொய்தீன். டிரம்ஸ் ரெங்கமன்னார். நாலு பேருக்கும் சேர்த்து மூன்று சைக்கிள்தான் இருந்தது. ஹெப்சிபா அக்கா காஜாவின் கேரியரில் உட்கார்ந்து கீபோர்டை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வருவார். சினிமாப் பாட்டே பாட மாட்டார்கள். எல்லாம் சொந்தப் பாட்டு. பஸ் வராததைப் பற்றி ஒரு பாட்டு. கரண்ட் போனதைப் பற்றி ஒரு பாட்டு. பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டியவனைப் பற்றி ஒரு பாட்டு. நம் ஊரில் பூட்டுப் பாட்டு இல்லாமல் முடியுமா?

மொத்தம் ஐந்து கேசட். முதல் மிதி, தொண்ணூற்று மூன்று. பெல் அடிக்காதே, தொண்ணூற்று நான்கு. கேரியர், தொண்ணூற்று ஐந்து. இறக்கம், தொண்ணூற்று ஆறு. மழை விட்டது, தொண்ணூற்று ஏழு. இது தவிர ஒரு பல்பொடி விளம்பரப் பாட்டு. அதைத் தனியாக 'பிற பணிகள்' என்று போட்டிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன், "பல்பொடியால்தான் எனக்குப் பேஷண்ட்டே வர்றாங்க" என்றார்.

இந்தப் பட்டியலுக்கு நட்சத்திரம் வேண்டுமென்றால் முதலில் மதிப்பாய்வு நடக்க வேண்டும். அதாவது நம்மைப் போல் எழுதுகிற இன்னொருவர் வந்து வரி வரியாகப் படித்துக் குறை சொல்வார். நாம் திருத்திவிட்டு ஒவ்வொரு குறைக்குக் கீழேயும் 'ஆயிற்று' என்று எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் 'ஆயிற்று' விழுந்தால் அவர் 'ஆதரவு' என்று எழுதுவார். எனக்கு வாய்த்தவர் பெயர் ஈரத்துண்டு.

சிரிக்காதீர்கள், ரத்தம் வரும். அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். நான் மிதிவண்டி97. ஈரத்துண்டு ஆணா, பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. "ரிட்டயர் ஆன வாத்தியார்ங்க, வீட்ல பேரப்பிள்ளைக பேச்சு கேக்கல போல, உங்களப் புடிச்சுக்கிட்டாரு" என்றாள் என் மனைவி. அடுத்த வாரம், "இல்லைங்க, இது பரிட்சைக்குப் படிக்காம ஏமாத்துற பிள்ள" என்றாள். அதற்கடுத்த வாரம் ஈரத்துண்டு என்று சொல்வதை விட்டுவிட்டு 'உங்க சம்பந்தி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "சம்பந்தி இன்னைக்கு என்ன சொல்றாரு?"

சம்பந்தி சொன்னது அறுபத்து மூன்று குறை.

முதல் குறை: 'குழுவில் நால்வர். பெயரில் மூன்று. விளக்கம் தேவை, சான்றுடன். நன்றி.' எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பதினொரு வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பாலிடெக்னிக் நூலகத்துக்கு ஓடினேன். தொண்ணூற்று ஐந்து ஆண்டு மலரில் நாலு பேரும் மூன்று சைக்கிளும் நிற்கிற புகைப்படம். ஆயிற்று. ஏழாவது குறை: அட்டவணையில் 'கேசட்' என்று எழுதியது தவறு, 'ஒலிநாடா' என்று இருக்க வேண்டும். நான் விடவில்லை. ஒன்பது நாள் சண்டை. எங்கிருந்தோ நாலு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் 'ஒலிப்பேழை' என்றார். ஒருவர் மலேசியாவில் என்ன சொல்வார்கள் என்று சொன்னார். என்ன ஒரு ஒன்பது நாள்! ரூட் கெனால் நடக்கிறது, பின் பாக்கெட்டில் போன் உறுமுகிறது, டாக்டரம்மா ஊசி கேட்கிறார், நான் பஞ்சு கொடுக்கிறேன். கடைசியில் தலைப்பில் ஒலிநாடா, கீழே அடிக்குறிப்பில் கேசட். ஆயிற்று.

இருபத்திரண்டாவது குறையில் பூட்டுப் பாட்டின் நீளம் மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடி இல்லை, நாற்பத்து மூன்று என்றார். நான் மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. அப்படியென்றால் அவரிடமும் அந்தக் கேசட் இருக்கிறது! இதை நான் எழுந்து நின்றுகொண்டு என் மனைவியிடம் சொன்னேன். இந்த உலகத்தில் இன்னொருவர் வீட்டில் 'பெல் அடிக்காதே' ஓடுகிறது!

ஒரு நிமிடம், வாயைக் காட்டுங்கள். லேசாக. நல்லது, நின்றுகொண்டிருக்கிறது. மறுபடி கடியுங்கள்.

நாற்பத்தொன்பதாவது குறை. அங்கேதான் ஆரம்பித்தது. 'ஐந்தாவது ஒலிநாடாவுக்கு நிறுவன எண் இல்லை. மற்ற நான்குக்கும் இருக்கிறது. ஏன்?'

நான் ஏன் என்று எப்படிச் சொல்வது? மதுரைக் கம்பெனி, மூடி இருபது வருடமாகிறது. முதல் நாலுக்கும் அட்டையில் எண் இருந்தது, எழுதினேன். ஐந்தாவதில் எண் இல்லை, எழுதவில்லை. நேர்மையாகத்தானே நடந்திருக்கிறேன்? இட்டுக்கட்டி ஒரு எண் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்?

ஐம்பதாவது: 'இது விற்பனைக்கு வந்ததற்குச் சான்று?'

நீங்கள் தாலுகா ஆபீஸ். படிவத்தில் பார்த்தேன், சான்றிதழ்ப் பிரிவு. உங்களுக்குத்தான் இது புரியும். ஒரு ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவர் உங்கள் மேசை முன்னால் வந்து நின்றால் போதுமா? போதாது. எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதையேதான் ஈரத்துண்டும் கேட்டார். நான் எழுதி வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பு, இரண்டாயிரத்துப் பத்தொன்பது, அரைப் பக்கக் கட்டுரை. 'ஐந்து ஒலிநாடாக்களை வெளியிட்ட இக்குழுவின் கடைசிப் படைப்பான மழை விட்டது இன்று அரிதாகிவிட்டது.' அச்சில் இருக்கிறது. தேதியோடு இருக்கிறது. ஆயிற்று என்று எழுதினேன்.

அவர் 'ஆகவில்லை' என்று எழுதினார்.

'கட்டுரை 2019. நம் பக்கத்தில் இச்செய்தி 2013 முதல் உள்ளது. கட்டுரையாளர் நம் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்புண்டு. நாம் சொன்னதை அவர்கள் சொல்ல, அவர்கள் சொன்னதை நாம் சான்றாகக் காட்டுவது முறையா? நன்றி.'

நன்றியாம்! அந்தக் கட்டுரையாளர் வேறு யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா? யாரைக் கேட்டிருப்பார் என்று என் மனைவி கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கும்போது பார்வை அப்படித்தான் இருக்கும்.

சரி, இது போதாதா, இதோ இன்னொன்று என்று அடுத்ததை எடுத்தேன். ஒரு இணையதளம், 'தவறவிடக் கூடாத பத்துத் தமிழ் பாப் தொகுப்புகள்'. அதில் மழை விட்டது மூன்றாம் இடம். மூன்றாம் இடம்! 'முதிர்ச்சியான இசைக்கோப்பு' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கேசட்டை முழுதாகக் கேட்டவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான், அது நான். நானே அதற்கு நான்காம் இடம்தான் கொடுப்பேன். 'கேரியர்' அதைவிட நன்றாக இருக்கும்.

ஏன் புருவத்தைத் தூக்குகிறீர்கள்? வலிக்கிறதா? மரப்பு விடும்போது அப்படித்தான் இருக்கும்.

ஆமாம், பிரதி ஒன்றுதான் இருக்கிறது. என்னிடம் இருக்கிறது. சொல்லத்தான் போகிறேன், அதற்குள் என்ன அவசரம்?

தொண்ணூற்று ஏழு, நவம்பர். எனக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக் மைதானத்தில் கச்சேரி. மத்தியானத்திலிருந்து மழை. நாற்காலியெல்லாம் நனைந்து, இருநூறு பேர் வர வேண்டிய இடத்தில் நாற்பது பேர். நான் எங்கள் டூ-இன்-ஒன்னை, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட்டை, அரிசிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஹெப்சிபா அக்கா மைக்கைத் தட்டியதும் மழை நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், தட்டியதும் நின்றது. அன்று பாடிய ஏழு பாட்டும் புதுப் பாட்டு. எந்தக் கேசட்டிலும் இல்லாதது. அடுத்த கேசட்டில் வரும் என்று சொல்லிச் சொல்லிப் பாடினார்கள். நான் ஏழையும் பதிந்தேன். ஏழை இல்லை, ஆறே முக்கால். ஏழாவது பாட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது. 'வீடு வரைக்கும் மழை வராது, நீ' என்று அக்கா பாடுவார். அந்த 'நீ'யோடு நின்றுவிடும். பிறகு சரசரவென்று வெறும் நாடா, நாலு நிமிடம்.

நீ என்ன? இருபத்தேழு வருடமாக யோசிக்கிறேன். நீ வா என்கிறாரா, நீ போ என்கிறாரா? நீ குடையைக் கொடுத்துவிட்டுப் போ என்கிறாரா? கல்யாணமான புதிதில் என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். "நீ மொதல்ல பேட்டரிய மாத்துன்னு பாடிருப்பாங்க" என்றாள்.

அந்த மாதமே குழு பிரிந்துவிட்டது. காஜா துபாய் போனார். ஐந்தாவது கேசட் வரவில்லை. அதாவது, கம்பெனி போடவில்லை. வரவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? என்னிடம் வந்ததே. நான் அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால், அடையாளத்துக்காக, 'மழை விட்டது' என்று எழுதி வைத்தேன். பதினாறு வருடம் கழித்துப் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது மேசையில் ஐந்து கேசட் இருந்தன. ஐந்து எழுதினேன். எண்ணத் தெரிந்தவன் வேறென்ன செய்வான்?

எனக்கும் குழுவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். விதி அது. எழுதுகிறவன் நடுநிலையாக இருக்க வேண்டும். என் பயனர் பக்கத்தில் உறுதிமொழி போட்டிருக்கிறேன். அந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், மூன்றாவது பாட்டுக்கு முன்னால், "அக்கா, இன்னொரு தடவை!" என்று யாரோ கத்துவது கேட்கும். ஹெப்சிபா அக்கா, "இருடா தம்பி, மூச்சு வாங்குது" என்பார். அந்தத் தம்பி நான். அதைத் தொடர்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் இப்போதுதான் நடந்தது அந்த அதிசயம்.

போன மாதம் ஒரு யூடியூப் சேனல்காரர் ஹெப்சிபா அக்காவைப் பேட்டி எடுத்தார். அக்கா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அந்தப் பையன் போனில் நம் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்கிறான், எனக்குத் தெரியாதா என் வரிசை? "அக்கா, மழை விட்டது பத்திச் சொல்லுங்க." அக்கா ஒரு வினாடி யோசித்தார். அப்புறம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்: "ஐயோ, அத மறக்க முடியுமா? மதுர ஸ்டுடியோவுல நாலு நாள். வெளிய ஒரே மழை. அருள்தாஸுக்குக் காய்ச்சல், போர்வையப் போத்திக்கிட்டு வாசிச்சான். எங்க மனசுக்கு நெருக்கமானது அதுதாங்க."

அருள்தாஸுக்குக் காய்ச்சல்! எனக்கே தெரியாது. பாவம். உடனே பக்கத்தில் சேர்த்தேன், மேற்கோளுடன்.

மறுவாரம் துபாயிலிருந்து காஜா மொய்தீன் கீழே கருத்து போட்டிருக்கிறார்: 'நாலாவதைவிட ஐந்தாவதுதான் எங்கள் பெஸ்ட். அதில்தான் கீபோர்டு எடுபட்டது.' அதையும் சேர்த்தேன். இப்போது ஐந்தாவது கேசட்டுக்கு ஏழு சான்று. முதல் கேசட்டுக்கு இரண்டுதான்.

இன்னும் கேளுங்கள். அக்கா அந்தப் பேட்டியிலேயே சொன்னார், டிசம்பரில் நாலு பேரும் திண்டுக்கல்லில் கூடுகிறார்களாம். மழை விட்டது முழுவதையும் மேடையில் பாடப் போகிறார்களாம்! "வரி எல்லாம் மறந்துபோச்சு. அந்தக் கடைசிப் பாட்டு மட்டும்தான் அப்படியே ஞாபகம் இருக்கு. யார்கிட்டயாவது கேசட் இருந்தா சொல்லுங்க." கடைசிப் பாட்டு! என் ஏழாவது பாட்டு! நான் அன்று சாப்பிடவில்லை. என் பழைய டூ-இன்-ஒன்னை மறுநாளே ரிப்பேருக்குக் கொடுத்தேன். பெல்ட் மாற்றி, ஹெட் துடைத்து வைத்திருக்கிறேன். பேட்டரி எட்டு வாங்கியாகிவிட்டது. அதே கேசட், அதே இடம், 'நீ' என்று நிற்கிற அந்த இடத்திலிருந்து பதியப் போகிறேன். நாலு நிமிடம் அதற்குத் தாராளம். இந்த ஒரு காரியத்துக்காகத்தான் இத்தனை வருடமாக அதன் காதை உடைக்காமல் வைத்திருக்கிறேன்.

காது தெரியாதா? கேசட் கேட்ட வயதுதானே உங்களுக்கு. மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் குட்டியாக ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். இடது மூலை ஏ பக்கத்துக்கு, திருப்பினால் பி பக்கத்துக்கு. அதை உடைத்துவிட்டால் பிறகு அந்தப் பக்கத்தில் எதையும் பதிய முடியாது. கம்பெனியில் பதிந்து வருகிற கேசட்டில் அந்த நாக்கே இருக்காது, வெறும் பள்ளம்தான். வெற்றுக் கேசட்டில்தான் இருக்கும். உடைத்த பிறகும் ஸெல்லோ டேப் ஒட்டிப் பதிவார்கள், ஆனால் என் செட்டில் அது ஆகாது. ஒட்டினால் டேப் சிக்கி நாடாவையே தின்றுவிடும். ஒரு தடவை தின்றிருக்கிறது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஈரத்துண்டுக்கும் காது தெரிந்திருக்கிறது.

அறுபத்து மூன்றாவது குறை. கடைசிக் குறை. நான் படிக்கிறேன், நீங்களே சொல்லுங்கள். சொல்ல வேண்டாம், கேளுங்கள். 'மிதிவண்டி97 அவர்களிடம் பிரதி இருப்பதாக உரையாடலில் குறிப்பிட்டுள்ளார். உறையோ முகப்போ தேவையில்லை. ஒலிநாடாவின் மேல் விளிம்பை மட்டும் படமெடுத்து இன்று மாலை ஆறு மணிக்குள் ஏற்றினால் போதும். பதிவு நாக்கு இல்லையெனில் நிறுவன வெளியீடு என ஏற்று ஆதரவு அளிப்பேன். இருப்பின், இதை வெளியீடுகளிலிருந்து நீக்கி, வெளியிடப்படாத கச்சேரிப் பதிவு என்று தனித் தலைப்பில் வைக்கலாம். என் பார்வையில் அது இன்னும் அரியது. அப்போதும் ஆதரவு அளிப்பேன். இவ்வளவு அன்பாக எழுதப்பட்ட பட்டியலை நான் பார்த்ததில்லை. நன்றி.'

எவ்வளவு நஞ்சு பாருங்கள். வெளியிடப்படாத! இரண்டு பேர் சாட்சி சொல்லியாகிவிட்டது. ஏழு சான்று. மூன்றாம் இடம். அருள்தாஸின் காய்ச்சல். இவ்வளவுக்கும் பிறகு 'கச்சேரிப் பதிவு' என்று எழுதினால் அக்கா சொன்னது என்ன ஆகும்? நாலு நாள் ஸ்டுடியோவில் இருந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன ஒரு டீச்சரை நான் பொய்யாக்குவதா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ஒரு கலைக்களஞ்சியம் செய்கிற வேலையா அது?

என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். "சம்பந்தி நல்ல மனுசரா இருக்காரே. உள்ளதச் சொல்லிட்டுப் போங்களேன், ரெண்டுக்கும் ஸ்டார் தர்றேங்கிறாரு" என்றாள். அவளுக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது.

"தனிஸ்லாஸ்! அவருக்குப் பஞ்சு மாத்துனீங்களா?"

"இதோ டாக்டர்! நின்னுருச்சு டாக்டர்!"

மணி என்ன? ஐந்து முப்பத்தாறு. பேச்சில் ஒரு நிமிடம் அதிகமாகிவிட்டது. திறவுங்கள். ஆ. அருமை. இதோ கிண்ணம், பஞ்சை இதில் போடுங்கள், துப்ப வேண்டாம். உடனே பேச வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும். ஏதோ சொல்ல வருகிறீர்கள், தெரிகிறது. எழுதிக் காட்டுகிறீர்களா? வேண்டாம், வேண்டாம், அலட்டிக்கொள்ளாதீர்கள். கண்ணிலேயே தெரிகிறது, நீங்கள் என் பக்கம்தான்.

இதோ, இதுதான். காலையிலிருந்து இந்த டிராயரில்தான் இருக்கிறது. கையில் வாங்கிப் பாருங்கள். கனம் இல்லை பார்த்தீர்களா, ஏழு பாட்டு என்றால் நம்ப முடியாது. கிழித்துவிடாதீர்கள், அந்தக் காகிதத்தில் என் கையெழுத்து. படத்தில் அது வராது, மேல் விளிம்பு மட்டும்தான்.

இப்படி லைட்டுக்குக் கீழே வாருங்கள். கட்டை விரலை இந்த ஓரத்தில் வையுங்கள், இன்னொரு விரல் அடியில். ஆடாமல் பிடிக்க வேண்டும். எனக்கு இரண்டு கையும் வேறு வேலைக்கு வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குப் பிடி தவறாது, எத்தனை முத்திரை குத்தியிருப்பீர்கள். இது டாக்டரம்மா பல் சொத்தையைத் தொட்டுப் பார்க்கிற கொக்கி. பயப்படாதீர்கள், வெந்நீரில் கொதித்தது.

இன்றைக்குச் சூடாக எதுவும் சாப்பிட வேண்டாம். ஐஸ்கிரீம் சாப்பிடலாம், தயிர்ச்சோறு சாப்பிடலாம். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். ம். அந்த நாக்கு உடைந்து கீழே விழுந்தால் விழட்டும், கூட்டும்போது போய்விடும். மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு, காலை ஒன்று, ராத்திரி ஒன்று, மூன்று நாளைக்கு. வீக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம், வெளியிலிருந்து ஐஸ் வையுங்கள். வெள்ளிக்கிழமை வந்து டாக்டரம்மாவிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இப்போது அப்படியே பி பக்கத்துக்குத் திருப்பிப் பிடியுங்கள்.